ஃபோகஸ் எங்கே நிற்கிறது: அலுவலக அரட்டைச் செயலிகளோடு ஆறு ஆண்டுகள்

சென்ற வாரம், நான் படித்த கல்லூரியிலேயே படித்து முடித்த தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, அடுத்த மாசம் வேலையில சேர்றேன். ஆபீஸ்ல எல்லாமே சாட்லதான் நடக்குமாம். என்விடிஏ வெச்சுச் சமாளிக்க முடியுமா?” திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்தான் என்விடிஏ. முடியும் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டு, அது முழு உண்மைதானா என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மென்பொருள் பராமரிப்புக் குழு ஒன்றில் இரவுப் பணி. இந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்கள், இரண்டு அரட்டைச் செயலிகள். என்னைப் படுத்திய செயலி எது என்று சொல்லப்போவதில்லை; நான் சொல்லவிருக்கும் குறை இரண்டிலும் இருந்தது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற ஊழியருக்கு அலுவலகத்தில் அரட்டையைவிடச் சமமான இடம் வேறு இல்லை. கூட்டங்களில் யாராவது திரையைப் பகிர்ந்துகொண்டு “இதோ, இந்தச் சிவப்புக் கட்டத்தைப் பாருங்கள்” என்பார். விரலை நீட்டியே பாதி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அரட்டையில் அந்த வசதி கிடையாது. சொல்ல வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டால் அது என் களம். பணிக்கு வந்து உட்கார்ந்ததும் குவிந்துகிடக்கும் நாற்பது செய்திகளை, மற்றவர்கள் காபி வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்புவதற்குள், மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் குரலில் கேட்டு முடித்துவிடுவேன்.

விசைப்பலகை வசதியிலும் இந்தச் செயலிகள் வெகுதூரம் வந்துவிட்டன. ஸ்லாக்கில் எஃப்6 அழுத்தினால் பக்கப்பட்டை, செய்திப் பட்டியல், எழுதும் பெட்டி என்று பகுதி பகுதியாக நகரலாம். கன்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து அழுத்தி, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் யாருடைய உரையாடலுக்கும் நேராகப் போய்விடலாம். டீம்ஸில் பகுதி மாற கன்ட்ரோல் எஃப்6. எழுதும் பெட்டி காலியாக இருக்கும்போது மேல் அம்புவிசையை அழுத்தினால் கடைசியாக அனுப்பியதைத் திருத்துவதா, செய்திப் பட்டியலுக்குப் போவதா என்பதை ஸ்லாக்கின் அமைப்புகளில் நாமே தேர்ந்துகொள்ளலாம். பார்வையுள்ளவருக்கு இது அற்ப விஷயம். அந்த அமைப்பைக் கண்டுபிடித்த நாளில் நான் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டேன்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஆறு ஆண்டுகளாக அது மாறவும் இல்லை: ஃபோகஸ், அதாவது நான் தட்டும் விசை திரையில் போய்ச் சேரும் இடம், எங்கே நிற்கிறது என்பது எனக்கு உறுதியாகத் தெரிவதில்லை. கைத்தடியின் நுனி தொடும் இடம்தான் அந்த நொடிக்குத் தெரு என்பதுபோல, ஃபோகஸ் நிற்கும் புள்ளிதான் எங்களுக்குத் திரை. அதை நான் நகர்த்தினால் நடக்கிறேன் என்று பொருள். செயலி நகர்த்தினால் கதை வேறு. பேருந்துக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருப்பவனை, ஒரு வார்த்தையும் கேட்காமல் கையைப் பிடித்து எதிர்ப்புறம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொள்ளும் நல்லவர்களை எங்களில் பலருக்குத் தெரியும். இந்தச் செயலிகளும் அந்த வகைதான். நான் கேட்டுக்கொண்டிருக்கும் செய்தியை அனுப்பியவர் அழித்துவிட்டால், ஃபோகஸ் பக்கத்தின் உச்சிக்குப் போய்விடுகிறது. பழைய செய்திகளைத் தேடி மேலே போனால், செயலி ஒரு நேரத்தில் சில செய்திகளை மட்டுமே பக்கத்தில் ஏற்றிவைப்பதால், திடீரென்று பட்டியல் முடிந்துவிட்டதாகக் குரல் சொல்கிறது. மேலும் சில ஏறி வருவதற்குள் நான் நின்ற இடம் காணாமல் போயிருக்கும்.

எட்டு மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். இரவில் கணினியில் தானாக ஓடும் பணிகளான ஜாப்கள் முடிந்ததும் குழுவில் ‘ஜாப் ஓவர்’ என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியது என் வேலை. அன்று உலாவியில்தான் செயலியைத் திறந்திருந்தேன். ஏதோ ஓர் அறிவிப்புப் பெட்டி தானாக வந்து தானாகவே மறைந்தது. அதன்பின் ஃபோகஸ் எழுதும் பெட்டிக்குத் திரும்பவில்லை. என்விடிஏ-யும் பிரவுஸ் மோடுக்கு மாறிவிட்டது. பிரவுஸ் மோடில் எழுத்து என்பது எழுத்தல்ல, கட்டளை: ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் அடுத்த இணைப்பு, பி தட்டினால் அடுத்த பொத்தான். நான் ‘ஜாப்’ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினேன். ஜே-க்கு அங்கே வேலை இல்லை. ஓ தேடியது அந்தப் பக்கத்தில் இல்லை. பி என்னைக் கொண்டுபோய் ஒரு பொத்தானில் நிறுத்தியது. அடுத்து நான் தட்டிய இடைவெளி விசை அந்தப் பொத்தானை அழுத்தியது. அது குழு முழுவதையும் அழைக்கும் பொத்தான். இரவு பன்னிரண்டே முக்காலுக்குப் பதினோரு பேருடைய கைப்பேசிகள் ஒலித்தன. அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தவர். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றால், புதிதாகத் திறந்த அழைப்புச் சாளரம் ஃபோகஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

கோபம் தணிந்தபின் கணக்குப் பார்த்தால் பாதித் தவறு என்னுடையதுதான். மோட் மாறும்போது என்விடிஏ ஒரு சிறு ஒலி எழுப்பும். மின்விசிறிச் சத்தத்தில் அதைக் கவனிக்கவில்லை. பொத்தானின் பெயரையும் அது சொல்லத் தொடங்கியிருக்கும். அடுத்த விசையைத் தட்டிய நொடியில் பேச்சு அறுந்துவிடும் என்பதால், வேகமாகத் தட்டச்சு செய்கிறேன் என்ற என் பெருமையே என்னைக் கவிழ்த்திருக்கிறது. மீதிப் பாதியை நான் ஏற்க முடியாது. ஃபோகஸ் செல்லும் வரிசை, பொருளும் பயன்பாடும் கெடாதபடி இருக்க வேண்டும் என்பது 2008 டிசம்பரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 அணுகல்தன்மை வழிகாட்டியில் 2.4.3-ஆம் விதி. அதுவும் மிக அடிப்படையான ‘ஏ’ நிலையில் இருக்கும் விதி. நான் பள்ளியில் படித்த காலத்துச் சங்கதியை இன்றும் ஒரு புகார்ப் படிவத்தில் விளக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவே பிழைப்பு ஓடுவது என்விடிஏ தரும் சிறு உபாயங்களால்தான். இன்சர்ட்டோடு டேபை அழுத்தினால் ஃபோகஸ் நிற்குமிடத்தைச் சொல்லும். அனுப்புமுன் அதை அழுத்துவது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்னார் தட்டச்சு செய்கிறார், இன்னார் நிறுத்திவிட்டார் என்று தானாக ஒலிக்கும் அறிவிப்புகள் காதைத் துளைத்தால், இன்சர்ட்டோடு 5 அழுத்தி வாயை மூடவைக்கலாம். ஆனால் அதோடு புதிய செய்தி வந்த அறிவிப்பும் சேர்ந்து அடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட்டாக வரும் பிழைச்செய்தியை இன்சர்ட்டோடு ஆர் அழுத்தி ஓரளவு படிக்கலாம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் தே சேர்ந்து வளர்த்த மென்பொருள் இது. இருவருமே பார்வையற்றவர்கள், மென்பொருளோ இலவசம். தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பணம் கட்டி வாங்கிய செயலி விட்ட ஓட்டையை, காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள் அடைக்கிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சூடேறுகிறது.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் சகாக்களைப் பற்றிப் புகார் இல்லை. ஆங்கிலக் குரல் ‘வாங்க’ என்பதை ஏதோ வெளிநாட்டு ஊர்ப்பெயர்போல வாசிக்கும். ஆறு மாதத்தில் காது பழகிவிட்டது. அந்த நள்ளிரவு அழைப்புக்குப் பிறகு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போதெல்லாம் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதும் பழக்கமும் குழுவில் யாரும் சொல்லாமலே வந்துவிட்டது. கைப்பேசி ஒலித்து எழுந்தவர்களில் ஒருவர்தான் அதைத் தொடங்கினார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு பரிந்துரைக்க வேண்டியதுதான் முறை. ஆனால் இந்தத் திங்கட்கிழமை ஒரு புதுப்பிப்பு வந்தது. பக்கப்பட்டைக்கும் செய்திப் பட்டியலுக்கும் நடுவே புதிதாக ஒரு பகுதி முளைத்திருக்கிறது. இரண்டு முறை எஃப்6 அழுத்தப் பழகிய என் விரல் இப்போது தினமும் அங்கே போய் முட்டிக்கொள்கிறது. ஆகவே இன்றைய தேதியில் என் தீர்ப்பு: வேண்டாம். மின்னஞ்சல் மெதுவானதுதான், ஆனால் நான் நின்ற இடத்திலேயே அது என்னை விட்டுவைக்கிறது.

தம்பிக்கு மறுபடியும் எழுதினேன். செயலியை நன்றாகப் பழகிக்கொள், ஆனால் சேர்ந்த முதல் நாளே மேலாளரிடம் பேசி, முக்கியமான எதையும் மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லிவிடு, இன்சர்ட் டேபை மறக்காதே என்று. “அப்போ நல்லா இல்லையாண்ணா?” என்று உடனே பதில் வந்தது. அதற்கு இன்னும் நான் ஒன்றும் எழுதவில்லை.