குன்னூரில் ஒரு கவிதை கேபரே: போகலாமா?

கேபரே என்றதும் வீட்டில் முகம் சுளித்தார்கள். பழைய படங்களில் வில்லன் முன்னால் நடக்கும் ஆட்டம்தான் நமக்கு அந்தப் பெயரில் பழக்கம். ஆனால் 1881-ல் பாரிஸில் திறந்த லெ ஷா ந்வார் என்ற கேபரே, கவிஞர்கள் வந்து தங்கள் கவிதையைப் படித்த இடம். 1916-ல் சூரிச்சில் கவிஞர்கள் ஹூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் தொடங்கிய கேபரே வோல்டேரிலும் ஆட்டம் பாட்டோடு கவிதையும் உண்டு. போன சனிக்கிழமை குன்னூரில் ஒரு பழைய தேயிலைக் கிடங்கில் நான் பார்த்தது அந்த வகைதான்.

மேடை கிடையாது. நாற்பது பேர் இருப்போம், மேசைகளுக்கு நடுவிலேயே ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் படுக மொழியில் பாடியபோது கிடங்கே அடங்கிவிட்டது. நுழையும்போது கையில் ஒரு மர டோக்கன் தருகிறார்கள். பிடித்த கவிஞரிடம் அதைக் கொடுத்தால் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் உங்களுக்கு மட்டும் ஒரு கவிதை சொல்வார்.

எனக்குச் சொன்ன பெண் எடுத்துக்கொண்டது சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்கள். பள்ளியில் மூச்சுப்பிடித்து ஒப்பித்த பட்டியல் அது. இங்கே அவர் தலைவியின் தோழி, நான் அவளை வளர்த்த செவிலித்தாய். காந்தள், ஆம்பல், அனிச்சம் என்று தொடங்கி, மகளைப் பற்றி ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி ஒவ்வொரு பூவாக எடுத்து வைத்தார், அப்போதுதான் இது பட்டியலே இல்லை என்று உறைத்தது. அகப்பாட்டு, அதாவது சங்கக் காதல் பாட்டு, எல்லாமே ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதுதானே. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், ஆளில்லாவிட்டால் தன் நெஞ்சிடம். கவியரங்கத்தில் மைக் வைத்து, கைதட்டலுக்காக ஒரே வரியை இரண்டு முறை சொல்லிக் கேட்டே பழகிய எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. திரைக்கு இந்தப் பக்கம் தபேலாவும் அக்கார்டியனும் உச்சத்தில் போகும்போது பாதிப் பூக்கள் காதில் விழவில்லை, அந்த ஐந்து நிமிடமாவது இசையை நிறுத்த வேண்டும். கவிதை கேட்கத் தரையில் உட்கார வைப்பதும் வயதானவர்களுக்குச் சிரமம்.

டிக்கெட் 800 ரூபாய், டீயும் வர்க்கியும் சேர்த்து. என்னைக் கேட்டால் கட்டாயம் போங்கள். முடிய ஒன்பதரை ஆகிறது, அந்த நேரத்துக்கு மேல் பஸ்ஸை நம்ப வேண்டாம், ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம் சால்வை, மறக்காமல்.