கண்ணாடிக்குள் நீளக் கோடு: காஸியன் கற்றையா, பெசல் கற்றையா?

1 மைக்ரோஜூல் என்பது ஒரு மில்லிகிராமைப் பத்து சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல்தான். அதையே ஒரு லேசர் துடிப்பாக 100 ஃபெம்டோ நொடியில் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கொட்டினால் திறன் 10 மெகாவாட். 800 நானோமீட்டர் ஒளி சிலிக்கா கண்ணாடிக்குள் தன்னைத் தானே குவித்துக்கொள்ள 2 முதல் 3 மெகாவாட்டே போதும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

கண்ணாடியை வெட்டுபவர்களுக்கு ஒரே துடிப்பில் நீளமான, மெல்லிய துளை வேண்டும். சாதாரண வில்லையால் மெதுவாகக் குவித்த காஸியன் கற்றையை, அதாவது நடுவில் செறிவு மிகுந்து ஓரம் நோக்கி மெல்லக் குறையும் கற்றையை, அனுப்பிப் பார்க்கலாம். செறிவு மிகுந்த நடுப்பகுதியில் ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறும். கண்ணாடியே வில்லையாகிக் கற்றையை மேலும் சுருக்கும். செறிவு எல்லை மீறும்போது எலக்ட்ரான்கள் கழன்று பிளாஸ்மா உண்டாகும். அது கற்றையை விரிக்கப் பார்க்கும். இந்த இழுபறியில் பிறப்பதுதான் ஒளியிழை (கண்ணாடி இழை அல்ல, ஒளியே மெல்லிய கோடாக நீள்வது). செலவு குறைவு, தனிக் கருவி வேண்டாம். ஆனால் ஆற்றலைக் கூட்டினால் செறிவு கூடாது, இழைகள்தான் பெருகும். எது எங்கே முளைக்கும் என்பதும் துடிப்புக்குத் துடிப்பு மாறும். துடிப்பின் முன்பகுதி உண்டாக்கிய பிளாஸ்மாவே பின்பகுதிக்கு மறைப்பாகிவிடுகிறது.

நடுவில் மெல்லிய ஒளிக்கோடும் சுற்றிலும் வளையங்களுமாக அமைவது பெசல் கற்றை. இதில் ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வருகிறது. கூம்பு வடிவ ஆக்சிகான் வில்லை அதை அச்சை நோக்கி வளைக்கிறது. முன்னால் உள்ள பிளாஸ்மா வழிமறிப்பது குறைவு, இடையில் சிறு தடை வந்தாலும் அதைத் தாண்டிக் கற்றை மறுபடி கூடிவிடும். பிரான்சின் பெசான்சோன் ஆய்வாளர்கள் 2010-இல் ஒரே துடிப்பில், ஒரு மைக்ரோமீட்டரை விடக் குறுகிய துளையை அதன் விட்டத்தைப் போல 100 மடங்கு நீளத்துக்குக் கண்ணாடியில் போட்டுக் காட்டினார்கள். விலையும் உண்டு. நடுப்பகுதியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளையமும் ஏறக்குறைய நடுப்பகுதி அளவுக்கே ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து வளையம் என்றால் நடுவுக்குக் கிடைப்பது பதினொன்றில் ஒரு பங்கு! அப்புறம் ஆக்சிகானின் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் அச்சில் செறிவு ஏறி இறங்கும்.

இருந்தாலும் துளை போட என் ஓட்டு பெசலுக்கே. கோட்டின் நீளத்தை நாம் முடிவு செய்கிறோம், கண்ணாடி அல்ல.

இரண்டும் நினைப்பதை விட நெருங்கிய உறவு என்பதுதான் வேடிக்கை. 2004-இல் தண்ணீருக்குள் ஒளியிழையின் நடுப்பகுதியை மட்டும் மறைத்துப் பார்த்தார்கள். இழை மீண்டும் உருவானது. நடுப்பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றுப்புற ஒளியைத் தடுத்தபோது அது விரிந்து சிதறியது. காஸியன் இழைக்கும் பக்கத்திலிருந்து ஊட்டம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கண்ணாடிக்குள் ஒளிவழி (ஒளியை உள்ளேயே நடத்திச் செல்லும் பாதை) எழுதுவது என்றால் கதை வேறு. அதற்கு நுண்ணோக்கி வில்லையால் இறுக்கமாகக் குவித்த காஸியன்தான். பத்து நானோஜூல் அளவே போதும், திறன் 0.1 மெகாவாட்டைத் தாண்டாது, தன்குவிப்பு தலைகாட்டவே வாய்ப்பில்லை.