கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-க்குச் சொந்த சர்வர்: எட்டு மாத அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, ஒரே அறையில் அமர்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடிய நாங்கள் ஒன்பது பேர் இன்று சென்னை, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று பிரிந்திருக்கிறோம். மீண்டும் சேர்ந்து ஆட விரும்பியபோது முதலில், பலரும் இணையம் வழியே சேர்ந்து ஆட ஆட்டத்தை நடத்தித் தரும் கணினிகளான பொது சர்வர்களைத்தான் தேடினோம். அவற்றுள் பல, காசு கட்டியவருக்குக் கூடுதல் ஆயுதம் தந்தும், திரை முழுக்க விளம்பரம் காட்டியும் ஆட்டத்தின் இயல்பையே மாற்றி வைத்திருந்தன. எனவே வால்வ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஹெச்எல்டிஎஸ் என்ற சர்வர் மென்பொருளைக் கொண்டு எங்களுக்கென ஒன்றை நிறுவினோம்.

2003 செப்டம்பரில் 1.6 வெளிவந்த காலத்துக் கணினிகளுக்காக எழுதப்பட்டது என்பதால், இந்த மென்பொருள் மிகக் குறைந்த வளத்தில் இயங்குகிறது. 1 ஜிபி நினைவகம் கொண்ட மலிவான வாடகை சர்வரே பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அதிகபட்சமாக 32 பேர் வரை இதில் ஆடலாம். மாத வாடகையை ஒன்பதாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒரு தேநீர், வடைச் செலவுதான் ஆகிறது.

நிறுவுவது மட்டும் அவ்வளவு எளிதன்று. ஸ்டீம்சிஎம்டி என்ற வால்வின் இறக்கக் கருவி வழியாக 90 என்ற எண்ணுள்ள தொகுப்பை இறக்க வேண்டும். அது பாதியில் நின்றுவிடும் பழைய பிழை இன்றும் சரிசெய்யப்படாததால், முழுமையாக இறங்கும்வரை ஒரே கட்டளையை மூன்று, நான்கு முறை இட வேண்டியிருந்தது. மென்பொருள் 32 பிட் என்பதால், 64 பிட் லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்குரிய துணை நூலகங்களையும் தனியே சேர்க்க வேண்டும். இதை முன்பே அறியாததால் எங்கள் முதல் இரவு முழுவதும் வீணானது. ஹெச்எல்டிஎஸ்ஸை ஆர்வலர்கள் மேம்படுத்திய ரீஹெச்எல்டிஎஸ் வடிவத்தை விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு மூலமான ஹாஃப் லைஃப் விளையாட்டின் 25-ஆம் ஆண்டையொட்டி 2023 நவம்பரில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, 'ஸ்டீம் லெகசி' என்ற பழைய கிளையைக் குறிப்பிட்டு இறக்கினால்தான் அது ஒத்துப்போகிறது.

ஆனால், அமைப்புக் கோப்பைத் திறந்து எங்கள் விதிகளை ஒவ்வொன்றாக எழுதியபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. தொடக்கப் பணம் 800-ஆகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஏனெனில், முதல் சுற்றில் கைத்துப்பாக்கியோடு ஓடி, பணம் சேர்த்து, 2500-க்கு ஏகே-47 வாங்கும் அந்தக் காத்திருப்பில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. நம் குண்டு நம் அணியினர் மீதும் பாயும் விதி இயல்பாக அணைந்திருக்கும்; அதை இயக்கினோம். கதவுக்குப் பின்னால் நிற்பது எதிரியா, நம்மவனா என்று ஒரு நொடி தயங்கும் அந்தப் பதற்றம் பிரவுசிங் சென்டர் நாள்களை அப்படியே மீட்டுத் தந்தது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு டஸ்ட் 2 என்ற ஆட்டக் களத்தில் தொடங்கினால், "டேய், பி சைட்ல ரெண்டு பேர்டா!" என்ற அதே குரல் இப்போது ஹெட்செட்டில் கேட்கிறது. நான்கு பேர் மட்டுமே வரும் வாரங்களில் கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களான போட்களைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் மனிதர்களோடு ஆடும் நிறைவை அவை தருவதில்லை.

இடத் தேர்வில் அவசரப்படக் கூடாது. முதலில் ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்த சர்வரை எடுத்தோம். தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமான பிங் 150 மில்லி நொடிக்கு மேல் இருந்ததால், குறி பார்த்துச் சுட்டும் குண்டு தவறியது. மும்பைக்கு மாறிய பிறகு இந்தியாவில் இருப்போருக்கு 40-க்குள் வந்தது. சிங்கப்பூர் நண்பருக்குச் சற்று அதிகம் என்றாலும் ஆடக்கூடிய அளவுதான்.

பாதுகாப்பில் இம்மென்பொருளின் வயது தெரிகிறது. தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் ஆர்கான் கடவுச்சொல் குறியாக்கம் இன்றி அப்படியே இணையத்தில் செல்வதால், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றையே அதற்கு வைக்க வேண்டும். நுழைவுக்கும் தனிக் கடவுச்சொல் வைத்தோம். நிர்வாகப் பொறுப்பை ஒருவரிடமே விடாமல், ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற துணை மென்பொருள் கொண்டு மூவருக்குப் பகிர்ந்ததால், ஒருவர் ஊரில் இல்லாத வாரங்களிலும் ஆட்டம் தடைபடவில்லை.

ஐந்தாம் மாதத்தில் வாடகை நிறுவனம் முன்னறிவிப்பின்றி எங்கள் சர்வரை அழித்துவிட்டது. விதிகளை மீண்டும் எழுதிவிட முடிந்தது. ஆனால் யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கைத் தாங்கிய தரவுக் கோப்பு போனது போனதுதான். அந்த ஐந்து மாதத் தரவரிசையை எண்ணி இன்றும் வருந்துகிறோம். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் முழுக் கோப்புறையின் நகலைக் கோவை நண்பரும் நானும் எங்கள் கணினிகளில் எடுத்து வைக்கிறோம்.