அமெரிக்க அதிபரின் கையெழுத்தைப் பின்தொடர ஒரு இலவசக் கருவி: ஃபெடரல் ரெஜிஸ்டர் தளம், ஒரு மதிப்பீடு

அமெரிக்க அதிபரின் அதிகாரத்துக்கு அணை இல்லாமல் போகிறதோ என்ற கவலை அங்கே கட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் கவலைப்படுகிறவர்களில் பலர் நம்பியிருப்பது அன்றன்று வரும் செய்தித் தலைப்பை. கையெழுத்தான காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சட்டத்தை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள், எந்தத் தேதி முதல் அமல் என்ற மூன்றும் தெரியாமல் அச்சத்தை அளக்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தருவது ஃபெடரல் ரெஜிஸ்டர் டாட் கவ். அமெரிக்க ஒன்றிய அரசின் அரசிதழ் அதுதான். கட்டணம் கிடையாது, படிப்பதற்குக் கணக்கும் தேவையில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்க்கத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல கண்காணிப்புக் கருவி இல்லை. இதை மட்டுமே பார்ப்பவருக்கோ, மிகப் பெரிய விஷயங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

இந்த இதழ் பிறந்த கதை தெரிந்தால் இதன் அருமை புரியும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு அரசிதழே இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் ஆணைகள் மலைபோலக் குவிந்தன; அவற்றை ஒழுங்காக அச்சிட்டு வைக்க ஏற்பாடு இல்லை. எண்ணெய் உற்பத்தி அளவை மீறுவது குற்றம் என்ற விதியின் பேரில் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே போகும் வழியில்தான் தெரியவந்தது, 1933 செப்டம்பர் திருத்தத்தில் அந்தப் பிரிவே தவறுதலாக விடுபட்டுப் போயிருந்தது என்று. இல்லாத விதியை வைத்து அரசு வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. கீழ் நீதிமன்றங்களுக்கும் தெரியவில்லை, எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் தெரியவில்லை. அந்தத் தலைகுனிவுக்குப் பிறகு 1935-ல் ஃபெடரல் ரெஜிஸ்டர் சட்டம் வந்தது. 1936 மார்ச்சில் முதல் இதழ் வந்தது. பொதுவாகப் பொருந்தும் சட்ட விளைவுள்ள அதிபர் ஆணைகளும் பிரகடனங்களும் இதில் வெளியாகியே தீரவேண்டும் என்பது அந்தச் சட்டம். ரகசியச் சட்டத்தால் ஆளக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் கட்டிய வீடு இது.

இனி, பயன்படுத்தும் முறை. தளத்தில் ஆவணங்கள் நான்கு வகை: விதி, முன்மொழிவு விதி, அறிவிக்கை, அதிபர் ஆவணம். அதிபர் ஆவணங்கள் என்ற பகுதிக்குள் போனால் நிர்வாக ஆணைகள் அதிபர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ஆணைக்கும் எண், கையெழுத்தான நாள், இதழில் வெளியான நாள், பக்க எண் நான்கும் உண்டு. எந்தப் பழைய ஆணையை இது திருத்துகிறது, எதை ரத்து செய்கிறது என்ற குறிப்பும் கூடவே வரும். ஆணை இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய முதலில் அந்தக் குறிப்பைத்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் இதழில் வரும்வரை காத்திருந்தால் தாமதம். ஒரு எடுத்துக்காட்டு போதும். பிறப்புக் குடியுரிமையைச் சுருக்கும் 14160-ஆம் ஆணை 2025 ஜனவரி 20 அன்று கையெழுத்தானது. இதழில் அச்சானது ஜனவரி 29, தொகுதி 90, பக்கம் 8449. அதற்கு ஆறு நாள் முன்பே, ஜனவரி 23-ல், சியாட்டில் ஒன்றிய நீதிமன்றம் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டது. அரசிதழ் கைக்கு வருவதற்குள் வழக்கு தொடுத்து, வாதாடி, இடைக்காலத் தடையும் வாங்கியாகிவிட்டது. ஆகவே அன்றைய வாசகத்துக்கு வெள்ளை மாளிகைத் தளம், நிலைத்த பதிவுக்கு அரசிதழ் என்று இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்சி மாறினால் வெள்ளை மாளிகைத் தளம் முழுவதும் மாறிவிடும். அரசிதழின் பக்க எண் மாறாது.

இடைவெளியைக் குறைக்க தளத்திலேயே ஒரு வழி உண்டு. பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன் என்ற பகுதியில், அச்சுக்குப் போகக் காத்திருக்கும் ஆவணங்கள் வேலை நாட்களில் கிழக்கு நேரம் காலை 8:45-க்கு ஏறும். சிறப்புத் தாக்கல்கள் பகலிலும் சேரும். வழக்கமான வரிசையில் ஒரு ஆவணம் வந்து சேர்ந்த மூன்றாம் வேலை நாளில் அச்சாகும். தினசரி பார்க்க நேரமில்லாதவர்கள் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதிபர் ஆவணங்களுக்கு மின்னஞ்சல் சந்தா போட்டுக்கொள்ளலாம். எந்தத் தேடலையும் சந்தாவாக மாற்றலாம் என்பதுதான் இந்தத் தளத்தின் ஆகச் சிறந்த வசதி. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, தளத்தின் தரவை நிரல் வழியாக நேரே எடுக்க உதவும் ஏ.பி.ஐ.யும் திறந்தே இருக்கிறது, அனுமதிச் சாவி எதுவும் கேட்பதில்லை.

ஆணையைப் படிக்கும்போது நடுப்பகுதியைவிட இரண்டு முனைகள் முக்கியம். முதல் பத்தியில் எந்தச் சட்டத்தின் பேரில் என்று எழுதியிருக்கும். குறிப்பிட்ட சட்டத்தின் பெயரும் பிரிவும் இருந்தால் அதிபர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தில் நிற்கிறார். அரசியலமைப்பும் நாட்டின் சட்டங்களும் தரும் அதிகாரத்தால் என்று பொதுவாக மட்டும் இருந்தால் அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள். 1952-ல் அதிபர் ட்ரூமன் 10340-ஆம் ஆணையால் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியபோது, அதற்கு இடம்தரும் சட்டத்தை அரசால் காட்ட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைத் தள்ளியது. கடைசிப் பத்தியில், நடைமுறையிலுள்ள சட்டத்துக்கு இசைய அமல்படுத்துக என்ற வழக்கமான வாசகம் வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஆணையின் உடலே சட்டத்துக்கு எதிராக இருந்தால் வால் வரி அதைக் காப்பாற்றாது என்று 2018-ல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்பிரான்சிஸ்கோ நகரம் தொடுத்த வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதிபர் ஆணைகளோடு நின்றுவிடுவது பலரும் செய்யும் தவறு. அதிகாரம் உண்மையில் கைமாறுவது துறைகளின் விதிகளில். 1946-ன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி ஒரு துறை விதி போடுமுன் அறிவிக்க வேண்டும், மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், இறுதி விதி பொதுவாக 30 நாள் கழித்தே அமலாகவேண்டும். இதிலிருந்து தப்பிக்க ஒரு கதவு, குட் காஸ் எனப்படும் தக்க காரணம். வெள்ளமோ தொற்றுநோயோ வந்தால் திறக்க வைத்த கதவு அது. 2025 ஏப்ரல் 9 அன்று வந்த அதிபர் குறிப்பாணை, சட்டவிரோதம் என்று துறைகள் கருதும் விதிகளை இந்தக் கதவு வழியாகக் கருத்துக் கேட்காமலே நீக்கலாம் என்றது. அதே நாளில் வந்த ஆணை ஒன்று குளியலறை ஷவர் முனையின் நீரழுத்தம் பற்றியது, எண் 14264. அதில் ஒரு வரியைக் கூர்ந்து படிக்க வேண்டும். ரத்து செய்யும்படி நானே உத்தரவிடுவதால் அறிவிப்பும் கருத்துக் கேட்பும் தேவையில்லை என்கிறது அது. பொருள் சின்னது, தர்க்கம் பெரியது. இந்த வாதம் ஷவருக்குச் செல்லும் என்றால் காற்று மாசுக்கும் மருந்துக்கும் செல்லும்.

இதைப் பிடிக்க எளிய வழி: தேடுபெட்டியில் குட் காஸ் என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் தட்டி, ஆவண வகையை விதி என்று மட்டும் வைத்து, கவலையுள்ள துறையைத் தேர்ந்து சந்தா போடுங்கள். முடிவைத் திறந்ததும் தேதிகள் என்ற பகுதியைப் பாருங்கள். அமலாகும் நாளும் வெளியான நாளும் ஒன்றாக இருந்தால், காரணம் சொல்லியிருக்கும் பத்தியைத் தேடிப் படியுங்கள். மேலும் விவரங்களுக்கு என்ற இடத்தில் பொறுப்பதிகாரியின் தொடர்பு விவரம் இருக்கும். அது அலங்காரத்துக்கு அல்ல, கேளுங்கள்.

முன்மொழிவு விதி என்றால் பச்சைப் பொத்தான் கருத்துப் பதிவுக்கு அழைத்துச் செல்லும். ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் அது ஒரு வாதம்தான். விதியின் எந்தப் பத்தி, என்ன பாதிப்பு, என்ன மாற்று வழி என்று எழுதிய ஒற்றைக் கருத்துக்கு எடை அதிகம். முக்கியமான கருத்துகளுக்குத் துறை பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் வழக்கில் அதுவே ஆயுதம்.

அவசரநிலைகளுக்கு இந்தத் தளம் பொன்போல. 1976-ன் தேசிய அவசரநிலைச் சட்டப்படி அதிபரின் பிரகடனம் உடனே அரசிதழில் வரவேண்டும். ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாளுக்குள் தொடர்ச்சி அறிவிக்கை வராவிட்டால் அவசரநிலை தானாக முடிந்துவிடும். ஈரான் பற்றிய அவசரநிலை 1979 நவம்பர் 14-ல் தொடங்கியது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு சின்ன அறிவிக்கையால் அது உயிர்பெற்று வந்திருக்கிறது. கண்டின்யுவேஷன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டு அதிபர் ஆவணங்களில் தேடினால் இப்படி எத்தனை ஓடுகின்றன என்று தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காங்கிரஸ் கூடி ஆராய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்; அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடக்கிறது. காங்கிரஸ் முடித்துவைக்கத் தீர்மானித்தாலும் அதிபர் தடுக்கலாம். 2019-ல் எல்லைச் சுவருக்கான அவசரநிலையில் நடந்தது அதுவே.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, அமலுக்குப் பின்னால் ஓடுவது. ஹெச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்ற பிரகடனம் 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை கையெழுத்தாகி, ஞாயிறு அதிகாலை 12:01-க்கு அமலானது. வார இறுதியில் இதழ் கிடையாது. அது புதிய மனுக்களுக்கு மட்டுமே என்று குடியேற்றத் துறை சனிக்கிழமை தந்த விளக்கம் வேறு தளத்தில் வந்தது. விசா விஷயத்தில் அரசிதழை மட்டும் பார்ப்பது ஆபத்து.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பணிநீக்கம் இதில் வராது. 2025 ஜனவரி 24 அன்று துறைகளுக்குள் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமைக் கண்காணிப்பு அதிகாரிகள் பதினைந்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள்; 30 நாள் முன்னறிவிப்பு காங்கிரசுக்குத் தரவேண்டும் என்பது சட்டம். அது தரப்படவில்லை. அரசிதழில் தேடினால் அந்த இரவு தெரியாது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைத் துறைகளுக்குப் பிரித்து விடுவதும் இங்கே வராது. அதற்கு வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் தனித் தளம் இருக்கிறது. 2022-ல் சட்டம் போட்டுத் திறக்கவைத்த அந்தத் தளம் 2025 மார்ச்சில் இழுத்து மூடப்பட்டு, நீதிமன்றம் தலையிட்ட பிறகே திரும்ப வந்தது. நீதித்துறையின் உள் சட்டக் கருத்துரைகள், ரகசிய பாதுகாப்பு உத்தரவுகள் எதுவும் அரசிதழில் எதிர்பார்க்க வேண்டாம். அதிபர் குறிப்பாணைகளுக்கு எண் கிடையாது. எல்லாமே அச்சாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிர்வாக ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு அதிபரை அளப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, இதழை நடத்துவதும் அதே நிர்வாகப் பிரிவுதான். இது தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் வருகிறது. அதன் தலைவர் 2025 பிப்ரவரி 7-ல் அதிபரால் நீக்கப்பட்டார். பொறுப்பு தற்காலிகமாக வெளியுறவு அமைச்சரிடம் போனது. இதழின் உள்ளடக்கத்தில் கைவைக்கப்பட்டதற்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் பதிவேட்டின் சாவி யாரிடம் என்பதைக் கவனிப்பவர்கள் கவனிக்கட்டும்.

அச்சாவதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்பிய 1942-ன் 9066-ஆம் ஆணையும் இதே இதழில் முறைப்படி வந்ததுதான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். திரையில் படிக்கும் வடிவம் சட்டப்படி அதிகாரபூர்வம் அல்ல. பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் பி.டி.எஃப்-ஐ இறக்கிக்கொள்ளுங்கள். செனட்டருக்கோ பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கோ எழுதும்போது 90 எஃப்.ஆர். 8449 என்பது போலத் தொகுதியும் பக்கமும் போட்டு எழுதுங்கள். செய்தியில் பார்த்தேன் என்று எழுதும் கடிதத்துக்கு அச்சடித்த பதில் வரும். பக்க எண்ணோடு போகும் கடிதத்தை உதவியாளர் ஒருவர் திறந்து சரிபார்த்தாக வேண்டியிருக்கும்.