க்ருசேடர் கிங்ஸ் 2-ஆ, 3-ஆ: கணினி அரசன் எதில் நன்றாக ஆள்கிறான்?

க்ருசேடர் கிங்ஸ் என்பது இடைக்கால அரசனாக நாடு ஆளும் கணினி ஆட்டம்; 2, 3 அதன் பாகங்கள். நாம் ஆடாத அரசர்களைக் கணினியே இயக்கும்; அவர்களைத்தான் கணினி அரசன் என்கிறேன். கெடா மாநிலத்துப் பீடோங்கில் நம் பையன்கள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இலவசத்தோடு நிற்பதா, காசு போடுவதா?

செலவு
2: அடிப்படை ஆட்டம் 2019 முதல் இலவசம். பழைய மடிக்கணினியே போதும். இந்திய மன்னராக ஆடத் தனி விரிவாக்கம் வேண்டும்.
3: விலை உண்டு, ஆனால் சோழரை உடனே எடுக்கலாம். (இரண்டும் வெளிவந்தபோது கடாரம், அதாவது பழைய கெடா, வரைபடத்திலேயே இல்லை. கெடாக்காரனுக்கு உறுத்தாதா?)

குணம்
இரண்டிலும் கணினி அரசன் தன் குணப்படிதான் நடப்பான். 3-இல் துணிச்சல், பேராசை, பழியுணர்ச்சி, இரக்கம் எனப் பல அளவுகள் அவனை இயக்குகின்றன.

படை
வித்தியாசம் இங்கேதான். 2-இல் சிற்றரசனுக்கு அரசனைப் பிடிக்காவிட்டால் அனுப்பும் ஆள் குறையும். வெறுப்பைச் சம்பாதித்த கணினி அரசன் பெரிய நாட்டை வைத்துக்கொண்டு சின்னப் படையோடு நிற்பான். எல்லையில் காத்திருந்து அடித்தால், சரி, ஆட்டம் முடிந்தது. 3-இல் நிலமானிய அரசில் ஒப்பந்தம் சொன்ன படை வந்தே தீரும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். கோபமெல்லாம் அணி சேர்ந்து கலகமாக வெடிக்கும். அரசன் கொடூரன் என்று பேரெடுத்தால் சிற்றரசர்கள் பயந்து அணியில் சேரமாட்டார்கள். இந்தப் பயக் கணக்கு 2-இல் கிடையாது.

வாரிசு
இரண்டிலும் பாகப்பிரிவினை உண்டு. பெரிய கணினி நாடுகள் மகன்கள் கையில் துண்டாகும்.

பக்கத்து நாட்டின் பலவீனம் பார்த்துப் பாய்கிறவருக்கு 2. அரசவைச் சண்டையை ரசிப்பவருக்கு 3. என் ஓட்டு அதற்குத்தான்.