ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஓடினால்? க்னூகேஷ், பீன்கவுன்ட், எச்லெட்ஜர் ஒப்பீடு

வரவு செலவுக் கணக்கை மென்பொருளில் எழுதப் பழகிய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடும். வங்கி ஸ்டேட்மென்ட்டை உள்ளே ஏற்றுவது, கடன் தவணையை அசல் வேறு வட்டி வேறு என்று பிரிப்பது எல்லாம் மாதாமாதம் கையால்தான் செய்ய வேண்டுமா? வேலையைத் தானாகச் செய்யும் ஒரு சின்ன நிரல், அதாவது ஒரு ஸ்கிரிப்ட், போதாதா?

போதும். ஆனால் எந்த மொழியில் எழுதலாம் என்று பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே ஸ்கிரிப்ட் தவறுதலாக இரண்டு தடவை ஓடினால் கணக்கு என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். எனக்கு அது நடந்தது. ஒரு மாதத்துப் பதிவுகள் அத்தனையும் இரட்டித்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க ஒரு முழு மாலை போனது. அதிலிருந்து எல்லா மென்பொருளையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

அப்போது நான் வைத்திருந்தது க்னூகேஷ். அதன் அறிக்கைகள் எல்லாம் ஸ்கீம் மொழியில் எழுதப்பட்டவை. நாம் எழுதும் அறிக்கையும் அதே மொழியில் போய் அதே மெனுவில் உட்காரும், கூடவே வருகிற அறிக்கைகளுக்குச் சமமாக. அறிக்கைதான் உங்கள் தேவை என்றால், ஸ்கீமின் அடைப்புக்குறிகளுக்குக் கண் பழகும்வரை பொறுத்துக்கொண்டால் போதும், இதைவிட ஆழமான வசதி வேறெங்கும் கிடைக்காது.

பதிவுகளைச் சேர்க்கவும் மாற்றவும் பைத்தான் மொழிக்கான இணைப்பு இருக்கிறது. அது உள்ளே இருக்கும் சி மொழி நூலகத்தின் மேல் போர்த்திய மெல்லிய உறை, அவ்வளவுதான். தொகையை உள்ளே பின்னமாகத்தான் வைத்திருக்கும். 125.50 என்றால் 12550-ஐயும் 100-ஐயும் தனித்தனியாகத் தந்து பின்னமாக்கலாம். பதிவைத் தொடுவதற்கு முன் 'பிகின் எடிட்', தொட்டு முடித்ததும் 'கமிட் எடிட்', கடைசியில் சேமித்து அமர்வை மூட வேண்டும். மூட மறந்தால், கணக்கு திறந்திருப்பதைக் குறிக்கும் பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்த தடவை கணக்கைத் திறக்கும்போது எச்சரிக்கை வரும். விண்டோஸ் நிறுவியில் இந்த இணைப்பு வருவதில்லை.

இதைவிட இதமான வழி பைகேஷ் என்ற தனி நூலகம். ஒரே நிபந்தனை, கணக்கை வழக்கமான எக்ஸ்எம்எல் கோப்பாக வைக்காமல் எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளமாகச் சேமித்திருக்க வேண்டும். எழுதும் அனுமதியை நாமாகக் கேட்டால் ஒழிய, வாசிக்க மட்டுமே திறக்கும். இந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, இரண்டு தடவை ஓடினால்? க்னூகேஷின் இறக்குமதித் திரை ஏற்கெனவே இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நம் ஸ்கிரிப்ட் அந்தத் திரை வழியாகப் போவதில்லை, நேராக உள்ளே எழுதிவிடுகிறது. காவல் காக்க யாரும் இல்லை.

பீன்கவுன்ட் இதற்கு நேர் எதிர். கணக்கு என்பது சாதாரண உரைக் கோப்பு. மென்பொருளே பைத்தானில் வளர்ந்தது. செருகுநிரல் (மென்பொருளோடு நாம் சேர்க்கும் துணை நிரல்) என்றால் ஒரு பைத்தான் சார்பு (function): பதிவுகளின் பட்டியலை வாங்கும், திருத்திய பட்டியலையும் கண்ட பிழைகளையும் திருப்பித் தரும். 'மருத்துவச் செலவு ஒவ்வொன்றுக்கும் ரசீது இணைப்பு இருக்க வேண்டும்' என்று ஒரு விதி வைக்க விரும்பினேன். பத்துப் பன்னிரண்டு வரியில் முடிந்தது. இப்போது ரசீது விட்டுப்போனால், கோப்பைச் சரிபார்க்கும்போதே எந்த வரி என்று சுட்டிக்காட்டுகிறது. இதில் முக்கியமான விஷயம், செருகுநிரல் செய்யும் மாற்றம் நினைவகத்தோடு நின்றுவிடும், கோப்பைத் தொடாது. எத்தனை தடவை ஓடினாலும் கணக்கு அப்படியேதான் இருக்கும். இறக்குமதிக் கருவிகூடப் பதிவுகளை உரையாக வெளியே தருகிறது, பார்த்துச் சேர்ப்பது நாம். பழைய கோப்பைக் காட்டினால், ஏற்கெனவே உள்ளதாகத் தோன்றும் பதிவுகளைக் குறிப்புரையாக்கி, அதாவது கணக்கில் சேராத வரிகளாக்கித் தரும். கோப்பை கிட் (Git) என்ற மாற்றங்களைப் பதியும் கருவியில் வைத்திருந்தால் என்ன மாறியது என்பது வரிவரியாகத் தெரியும்.

எச்லெட்ஜர் ஹாஸ்கெல்லில் எழுதப்பட்டது என்று பயப்பட வேண்டாம். 'எச்லெட்ஜர்-' என்று பெயர் தொடங்கும் எந்த நிரலையும், அது எந்த மொழியில் இருந்தாலும், கட்டளைப் பாதையில் (நிரல்களைக் கணினி தேடும் கோப்புறைகளில்) போட்டால் துணைக் கட்டளையாக ஏற்றுக்கொள்ளும். அறிக்கைகளை, பிற நிரல்கள் எளிதாக வாசிக்கும் சிஎஸ்வி, ஜேசன் வடிவில் தரும். ஷெல், அதாவது கட்டளை வரி, தெரிந்தாலே போதும். இறக்குமதியின்போது கடைசியாகப் பார்த்த தேதியை ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால் இரண்டாம் தடவை எதுவும் சேராது. இவற்றுக்கெல்லாம் மூத்த லெட்ஜரிலும் பைத்தான் உண்டு, ஆனால் அந்த ஆதரவோடு தொகுத்திருந்தால்தான் வேலை செய்யும்.

மனி மேனேஜர் இஎக்ஸில் தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்க்யூஎல் வினவல், ஒவ்வொரு வரிசைக்கும் லுவா மொழிச் சார்பு, மேலே ஒரு எச்டிஎம்எல் வார்ப்புரு என்று அறிக்கை எழுதலாம். அழகான ஏற்பாடு, அறிக்கைக்கு மட்டும். கேமைமணியில் செருகுநிரல் எழுத சி++ வேண்டும். ஹோம்பேங்கில் ஸ்கிரிப்ட் வசதியே இல்லை.

அப்புறம், ஏபிஐ (மற்ற நிரல்கள் பேசுவதற்கான வாசல்) வழியாகப் பேசுகிறவை. ஆக்சுவல் பட்ஜெட்டுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் உண்டு. 125.50 என்ற தொகையை 12550 என்று முழு எண்ணாகவே வாங்கும். அதில் 'சேர்' வேறு, 'இறக்குமதி செய்' வேறு. இறக்குமதியில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் தரலாம். அதே எண் மறுபடி வந்தால் புதிய பதிவு உண்டாகாது. ஃபயர்ஃபிளை III-இன், இணைய வழியில் பேசும் ரெஸ்ட் ஏபிஐயிலும் நகலை மறுக்கச் சொல்லலாம். இரண்டும் என் கேள்வியை முன்பே யோசித்தவர்கள் செய்தவை.

புதிதாகத் தொடங்கி, உரைக் கோப்பில் எழுதத் தயங்காதவர் என்றால், பீன்கவுன்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். க்னூகேஷில் பல வருடக் கணக்கு கிடக்கிறது, அதை விட்டு வர மனமில்லை என்றால் நான் செய்ததைச் செய்யுங்கள். வங்கி தரும் குறிப்பெண்ணைப் பதிவின் 'எண்' புலத்தில் போடுங்கள். ஸ்கிரிப்ட் முதலில் அந்த எண்களை எல்லாம் திரட்டி, புதியது ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போகட்டும். எழுதி முடித்ததும் நகல் கோப்பில் வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் தடவை 'சேர்த்தவை: 0' என்று வந்த பிறகு அசல் கணக்கில் கை வையுங்கள்.