ஜிடிஎம்மா, லைட்-டிஎம்மா? டெல்டாவின் பழைய கணினிகளுக்கு எந்த நுழைவுத் திரை தோது

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினி, 4 ஜிபி ராம், டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்). வைகாசி முகூர்த்தப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறார்கள். திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி அதே நுழைவுத் திரை. உடனே "ஜிடிஎம்மைத் தூக்கிட்டு லைட்-டிஎம் போடு" என்ற யோசனை வரும். இரண்டுமே கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் நுழைவுத் திரை நிரல்கள்தான். அவசரம் வேண்டாம். எதைப் போட்டாலும் தீராத கோளாறு இரண்டு உண்டு.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், 'டிஎஃப் -ஹெச்' கொடுங்கள். வட்டு 100 சதவீதம் என்று காட்டினால் காரணம் அதுதான். இஎக்ஸ்டி4 (லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறை) வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் (நிர்வாகி) பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. அதனால் ரூட்டாக வேலை ஓடும், உங்கள் பெயரில் ஒரு சின்னக் கோப்பைக்கூட எழுத முடியாது. அச்சுக் கடையில் முதலில் பார்க்க வேண்டியது கப்ஸ் (அச்சு நிரல்) வரிசையில் தேங்கிய பெரிய பிடிஎஃப்களை, அடுத்து வீட்டு அடைவிலுள்ள எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற பிழைப் பதிவுக் கோப்பை. இரண்டாவது, மின்வெட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் யுபிஎஸ் இல்லாமல் திடீரென நின்ற கணினியில், கோப்பு அமைப்பில் பிழை கண்டால் டெபியன் அதை வாசிக்க மட்டும் திறக்கும். 'மவுண்ட்' கட்டளையின் விடையில் வேர் அடைவுக்கு எதிரே 'ஆர்ஓ' (வாசிக்க மட்டும்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரெக்கவரி முறையில் 'எஃப்எஸ்சிகே' (கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்ட வேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

முதல் வேறுபாடு, வரைகலைத் திரையைப் பயன்படுத்தும் அனுமதி இருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு. லைட்-டிஎம் அதை இயல்பாக உங்கள் வீட்டு அடைவில் எழுதும். யாராவது 'சுடோ' (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு வரைகலை நிரலைத் திறந்திருந்தால் கோப்பு ரூட் பெயருக்கு மாறிவிடலாம், அப்புறம் நுழையவே முடியாது. 'எல்எஸ் -எல்' கொடுத்து உரிமையாளரைப் பார்த்து, 'சுடோ சிஎச்ஓன்' போட்டுத் திருப்பிக்கொள்ளலாம். ஜிடிஎம் அந்தக் கோப்பை ரன் என்ற தற்காலிக அடைவில் வைப்பதால் இந்தத் தொல்லை இல்லை. இது ஜிடிஎம்முக்கு உண்மையான சாதகம். ஆனால் லைட்-டிஎம் அமைப்புக் கோப்பில் 'யூசர்-அத்தாரிட்டி-இன்-சிஸ்டம்-டிர்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் அதே பாதுகாப்பு கிடைத்துவிடும்.

எடையில் போட்டியே இல்லை. ஜிடிஎம்மின் நுழைவுத் திரையே ஒரு க்னோம் ஷெல், அதாவது க்னோம் மேசைத்தளத்தை ஓட்டும் கனமான நிரல். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்பகால மடிக்கணினி இன்னும் உழைக்கிறதென்றால், நுழைவதற்கு முன்பே அதற்கு மூச்சு வாங்கும். பழைய கிராபிக்ஸ் அட்டையில் கறுப்புத் திரையோடு நின்றால், ஜிடிஎம்3 அடைவிலுள்ள டீமன் கோப்பில் (உபுண்டுவில் கஸ்டம் கோப்பு) 'வேலண்ட்எனேபிள்=ஃபால்ஸ்' (வேலண்ட் என்ற புதிய திரை முறையை நிறுத்துவது) வரிக்கு முன்னுள்ள # குறியை எடுத்துப் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த மேசைத்தளம் வைத்திருப்பவர் லைட்-டிஎம்முக்கே போகலாம், நம் பரிந்துரையும் அதுதான். க்னோம் மேசைத்தளமே வேண்டும் என்பவர் ஜிடிஎம்மை விட்டு நகர வேண்டாம். க்னோமின் திரைப் பூட்டு ஜிடிஎம்மை நம்பியிருக்கிறது, மாற்றினால் பூட்டு வேலை செய்யாது. கேடிஇ மேசைத்தளப் பயனர் எஸ்டிடிஎம் என்ற நுழைவுத் திரையோடு இருக்கட்டும்.

தமிழ்99 தட்டச்சு செய்பவருக்கு இன்னொரு கண்ணி. விசைப்பலகை அமைப்பில் தமிழ் முதலாவதாக இருந்தால், கடவுச்சொல் புள்ளிகளுக்குள் விழுவது தமிழ் எழுத்து. தவறு கண்ணுக்கே தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகை அமைத்திருந்தால் ஜிடிஎம் எது செயலில் உள்ளது என்று காட்டும். லைட்-டிஎம்மின் ஜிடிகே கிரீட்டரில் (கண்ணுக்குத் தெரியும் நுழைவுத் திரைப் பகுதி) அந்த அடையாளம் இல்லையென்றால் அதன் அமைப்புக் கோப்பின் இண்டிகேட்டர்ஸ் வரியில் '~லேஅவுட்' சேர்க்க வேண்டும். எதுவானாலும் ஆங்கிலத்தை முதலில் வையுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால் 'சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிஎம்' கொடுத்து, வரும் பட்டியலில் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கம் செய்தால் போதும். ஜிடிஎம்மை உடனே நீக்காதீர்கள், திரும்பி வர வழி இருக்கட்டும். தானியங்கி நுழைவு வேலை செய்யவில்லையென்றால் லைட்-டிஎம் அமைப்புக் கோப்பின் தலைப்பைப் பாருங்கள்: பழைய குறிப்புகளில் வரும் 'சீட்டிஃபால்ட்ஸ்' அல்ல, இப்போது 'சீட்:*'. எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதை 'லைட்டிஎம் --ஷோ-கான்ஃபிக்' காட்டிவிடும்.